தண்ணி ஏறும் வரை

மூன்று நாள் விடுப்பு கேட்டேன்.
"கல்யாணமா, காரியமா?" என்றார் மேலாளர்.
இரண்டும் இல்லை.
மூன்றாவது காரணத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'இதர'வில் ஒரு டிக் போட்டுவிட்டு
சிதம்பரத்தில் இறங்கி
கிள்ளைக்கு மினிபஸ் பிடித்தேன்.

வலைக் கொட்டகைக்கு மேலே அறை.
படிக்கட்டெல்லாம் காய்ந்த மீன்செதில்.
வீட்டுக்காரி தில்லைக்கண்ணு
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
"கூட யாரும் வரலையா?"
"வரல."
"அப்ப ஒரு ஆளுக்குத்தான் சோறு."
அவ்வளவுதான் விசாரணை.

சன்னலைத் திறந்தால் உப்பங்கழி.
ஆறிய பாலில் ஆடை படிந்தது போல
மேலே அசைவில்லை, அடியில் ஓட்டம்.

முதல் நாள் எனக்கு உட்காரத் தெரியவில்லை.
சுங்கச்சாவடியில், மூன்றாம் எண் கூண்டில்
ஒன்பது வருடமாக உட்கார்ந்தே இருப்பவள்தான்.
அது வேறு உட்காருதல்.
தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டால்
வலது கை தானாக நீளுகிறது.
கார், வேன், பஸ், ஆறு சக்கர லாரி…
படகுக்கு என்ன கட்டணம்?
பொழுது சாய்வதற்குள் பதினேழு எண்ணிவிட்டேன்.
பதினெட்டாவது ஒரு நீர்க்காகம்.
அதை இலவசமாக விட்டேன்.

மறுநாள் காலை
தில்லைக்கண்ணுவின் கொழுந்தன் பக்கிரிசாமி
துடுப்புப் படகில் கூட்டிப்போனான்.
சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும்
வேட்டியை மடித்துக் கட்டிய கால்களாய்
நீருக்குள் நின்றன.
"அந்த மரத்தைத் தொடாதீங்க. தில்லை.
பால் கண்ணுல பட்டா பார்வையே போயிரும்."
"உங்க அண்ணி பேரு…?"
"அண்ணனும் ஜாக்கிரதையாத்தான் இருக்காரு" என்றான்.

திரும்பி வரும் வாய்க்காலில்
படகு தட்டி நின்றது.
அடியில் சேறு ஒரு தடவை முனகியது.
துடுப்பை ஊன்றினான்;
துடுப்புதான் இறங்கியது.
"வத்தம் முந்திக்கிச்சு. தண்ணி ஏறணும்."
"எவ்வளவு நேரம்?"
"ரெண்டு மணி ஆகும். மூணும் ஆகும்."
துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு
அவன் தூங்கிப்போனான்.

என் கூண்டில் நாற்பது நொடி தாமதித்தால் ஹாரன்.
அறுபதில் கெட்ட வார்த்தை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருவி பழுதான ஏழாவது நிமிடம்
ஒருவன் சில்லறையை முகத்தில் எறிந்தான்.
ஐந்து ரூபாய்க் காசு.
இடது புருவத்தில் இன்னும் கோடு இருக்கிறது.

இங்கே எங்களுக்குப் பின்னால் வரிசையில்
ஒரே ஒரு கொக்கு.

வெயில் நகர்ந்தது.
சேற்றின் துளைகளிலிருந்து நண்டுகள் வந்தன,
ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த பொடி நண்டுகள்.
அந்தக் கையை ஆட்டி ஆட்டி
யாரையோ நிறுத்தின,
யாரையோ போகச் சொல்லின.
எந்தச் சம்பளத்துக்கோ.

வாய்க்கால் திரும்பும் இடத்தில்
இடுப்பளவு நீரில் இரண்டு பெண்கள்
கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள்.
ஓலைப் பறி பல்லில். அதனால் பேச்சில்லை.
அவர்களுக்கு வேலை நாள்.
அவர்களுடைய அலுவலகத்தின் நடுவே
தரைதட்டிக் கிடந்தது என் விடுமுறை.
ஒருத்தி என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினாள்.
நானும் உயர்த்தினேன்,
கோடு விழுந்ததை.

எப்போது என்று தெரியவில்லை,
ஒரு சுள்ளி நகர்ந்தது,
கடலுக்கு அல்ல, உள்நோக்கி.
பிறகு ஒரு இலை. பிறகு நுரை.
நண்டுகள் கடையை மூடின.
சாய்ந்திருந்த படகு
தூக்கத்தில் புரளும் ஆளைப் போல நிமிர்ந்தது.
யாரும் எழுப்பாமலே பக்கிரிசாமி கண் விழித்தான்.
இன்னும் கொஞ்சம் இருப்போம் என்று சொல்ல
வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் மடவைக் குழம்பு.
தூக்கம்.
மறுபடி அதே குழம்பு, இன்னும் ருசியாக.

கிளம்பும்போது பணத்தை எண்ணிய தில்லைக்கண்ணு
ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தாள்.
"நேத்து மத்தியானம் நீங்க சாப்பிடலையே."
ஒன்பது வருடமாக மீதி கொடுத்தே பழகிய கை,
எப்படி விரிவது என்று
ஒரு கணம் தடுமாறியது.

ரயில்வே கேட்டில் மினிபஸ் நின்றது.
ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார், ரயிலுக்குத்தான்.
எல்லோரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.
நான் துப்பட்டாவை
முகத்தில் போட்டுக்கொண்டேன்.